வேலி இல்லாத பேஸ்

சாண்டா குரூஸில் ஒலிபெருக்கி கிழிந்தால் அயோனியிடம்தான் கொண்டுபோவார்கள். கிழிந்த கூம்பை வெட்டியெடுத்து, பழைய பசையைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டி, புதுக் கூம்பை மயிரிழை பிசகாமல் நடுவில் உட்காரவைத்து ஒட்டுவாள். அவள் ஒட்டியது உரசுகிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஆனால் அவையெல்லாம் வீட்டு ரேடியோக்களும் சர்ச் ஒலிபெருக்கிகளும். அண்ணன் லாசல்ஸ் லாரியில் ஏற்றி ஊர் ஊராய்ப் பாட்டுப் போடும் ‘மார்னிங் ஸ்டார்’ சவுண்டின் ஆளுயரப் பெட்டிகள் மட்டும் தலைநகர் கிங்ஸ்டனுக்குப் போய்த்தான் கூம்பு மாற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆகஸ்டில் கூம்பு மாற்றும் கிங்ஸ்டன்காரர் கையை முறித்துக்கொண்டார். அலிகேட்டர் பாண்ட் கடற்கரையில் ‘கிங் ஹெரன்’ சவுண்டோடு, யார் பாட்டுக்குக் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்று பார்க்கும் மோதலோ வரும் ஞாயிறு.

“இந்தத் தடவை நீயே போடு,” என்றான் லாசல்ஸ். “மோதல்ல சத்தம் கிழிஞ்சுதுன்னா, அப்புறம் என் பெட்டி பக்கமே வரக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.”

அயோனிக்கு அன்று சோறு இறங்கவில்லை. வந்திறங்கிய கூம்புகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாய் நகத்தால் சுண்டிப் பார்த்தாள். அலுமினியம் சட்டிபோலக் கணகணவென்று ரீங்கரித்தது. பாட்டு நின்ற பிறகும் அது பாடிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக்குக்கு உப்புக்காற்று பயமில்லை, ஆனால் விரல் பட்டதும் தொளதொளத்தது. மிஞ்சியவை காகிதக் கூம்புகள், இரண்டு வகை. ஒன்று மெல்லிசு, இறகுபோல லேசு. இன்னொன்று காகிதக் கூழிலேயே கரிநார், அதாவது கார்பன் இழை, கலந்து வார்த்தது. கொஞ்சம் கனம்தான், சுண்டினால் ‘டொக்’ என்று சொல்லி உடனே வாயை மூடிக்கொள்ளும்.

இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் மாட்டி முற்றத்தில் வைத்தார்கள். மார்னிங் ஸ்டாருக்குப் பாட்டுப் பொறுக்கும் மாஸ் க்ளீவ், கண்ணை மூடிக்கொண்டு தகர வேலிமேல் உள்ளங்கையைப் பதித்தார். பாட்டின் அடியில் முழங்கும் கனத்த சத்தமான பேஸை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அளப்பார்கள். வேலி எவ்வளவு அதிருகிறதோ அவ்வளவு நல்ல பேஸ். மெல்லிசுக் கூம்புக்கு வேலி முழுதும் கடகடவென்று ஆடியது. கரிநார்க் கூம்புக்கு முனகியதோடு சரி.

“லேசுதான் ஜெயிச்சுது,” என்றார் மாஸ் க்ளீவ். “தகரம் பொய் சொல்லாது.”

அயோனியும் தலையாட்டினாள். அவளுக்கும் கை அரித்தது, எப்போது ஒட்டப்போகிறோம் என்று.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மிஸ் யூஃபீமியா, ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போடத் தன் வேலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே தகர வேலி அதுதான். அயோனி அதைக் கவனிக்காமலே மெல்லிசுக் கூம்பில் பாட்டைப் போட்டாள், அப்படியே நின்றுவிட்டாள். பேஸின் அடியில் ஈரக் காகிதத்தைக் கிழிப்பதுபோல ஒரு கரகரப்பு. ஆம்பிளிஃபயர் தள்ளத் தள்ளக் கூம்பின் உடம்பு மடங்கித் துடித்தது. இத்தனை நாளும் இந்த மாதிரிக் கரகரப்பையெல்லாம் தகரம்தான் மூடி மறைத்திருக்கிறது. ஊரே பேஸ் என்று கைதட்டியதில் பாதி வேலியின் சத்தம்.

ஓட்டமாய் ஓடிக் கரிநார்க் கூம்பில் அதே பாட்டைப் போட்டாள். ஒவ்வொரு அடியும் உருண்டையாக வந்து விழுந்தது.

“அண்ணே! அண்ணே, வேலி போயிருச்சு, வந்து கேளு!”

“வேலி போனதுக்கா இம்புட்டுச் சந்தோஷம்?” என்று பல் குச்சியோடு வந்தான் லாசல்ஸ். கேட்டான். முகம் மாறியது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. “கிங் ஹெரன்காரங்க மெல்லிசுதாம்மா போடுறாங்க. சத்தத்துல நம்மள அமுக்கிட்டா?”

“கடற்கரையில தகரம் எங்க இருக்கு? ஓலைக் குடிசையும் மணலும்தான். அவங்க கரகரப்ப யாரு மறைப்பா?”

மாஸ் க்ளீவ் முணுமுணுத்தார். “தகரம் ஆடாம ஜனங்க எப்படி ஆடுவாங்க?”

லாசல்ஸ் பல் குச்சியை வீசியெறிந்தான். “எல்லாப் பெட்டியிலயும் உன் கனத்ததையே போடு. நான் சொன்னதும் ஞாபகத்துல இருக்கட்டும்.”

உப்புக்காற்றுக்காக ஒவ்வொரு கூம்பின் முகத்திலும் வார்னிஷை மிக மெல்லிசாகத் தடவினாள். ஒரு தடவைக்கு மேல் தடவினால் கனம் கூடிவிடும்.

ஞாயிறு சாயங்காலம் கிங் ஹெரன் முதலில் தொடங்கியது. சத்தம் பெரிதுதான். ஆனால் வால்யூம் ஏற ஏற, முட்டுக்கொடுக்க ஒரு தகரம் இல்லாமல், கரகரப்பு வெட்டவெளிக்கு வந்துவிட்டது. வறுத்த மீனும் மரவள்ளி அப்பமும் விற்கும் மிஸ் டார்கஸ் அடுப்படியிலிருந்து கத்தினாள்: “ஹெரன் தம்பி, உன் பெட்டிக்குத் தொண்டை கட்டிருச்சு. இஞ்சி டீ போட்டுத் தரட்டா?”

கூட்டம் சிரித்து ஓயுமுன் மாஸ் க்ளீவ் இசைத்தட்டில் ஊசியை இறக்கினார்.

பேஸ் முதலில் காதுக்கு எட்டவில்லை. மணல் வழியாகக் காலுக்கு வந்தது. பிறகு நெஞ்சுக்கு. மிஸ் டார்கஸின் மேசையில் சோடா பாட்டில்கள் தாமாக நகர்ந்தன. அத்தனை கனத்துக்கு மேலே பாடகனின் குரல் தண்ணீர்போலத் தெளிவாக நின்றது. பாட்டுப் பிடித்தால் வேலியை அடித்து ‘திருப்பிப் போடு’ என்று கேட்பது அந்த ஊர் வழக்கம். வேலி இல்லாத ஜனம், கரையேற்றியிருந்த படகுகளை உள்ளங்கையால் அறைந்தது. படகெல்லாம் முரசாகிவிட்டது.

மூன்று தரம் திருப்பிப் போட்டும் அடங்கவில்லை. கிங் ஹெரன்காரர்கள் தாங்களே சுவிட்சை அணைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து ஆட ஆரம்பித்தார்கள்.

லாசல்ஸ் மைக்கைப் பிடித்தான். “கிங்ஸ்டன் கூம்பு இல்ல இது. என் தங்கச்சி கூம்பு. சாண்டா குரூஸ் அயோனி. இனிமே என் பெட்டிய வேற யாரும் தொடக்கூடாது!”

மாஸ் க்ளீவ் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டி எதையோ தேடினார். கடைசியில் குனிந்து மணலில் பதித்தார்.

திங்கட்கிழமை மிஸ் யூஃபீமியா வாசலில் வந்து நின்றாள். “கொட்டகைக்குப் போக நாலு தகடு மிச்சம் இருக்கு. வேலிய மறுபடி அடிச்சிறட்டுமாடி?”

“வேணாம் மிஸ் யூஃபீமியா,” என்றாள் அயோனி, அடுத்த கூம்பைச் சுண்டிக்கொண்டே. “ஆட்டுக்கே இருக்கட்டும். எனக்குக் காது கேக்கணும்.”