கட்டிலோரம் நீட்டிய வக்காலத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்ட் முடித்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். சிவப்பு விழுந்ததும் சிக்னலில் நின்றேன். பின்னால் வந்த கார் நிற்கவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று ஓட்டியவனே போலீசிடம் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டு என்ன, உடைந்தது என் முழங்கால்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மயக்கம்கூட முழுதாகத் தெளியவில்லை, ஃபைலோடு ஒரு ஆள் கட்டிலோரம் வந்து நின்றான். சொந்தக்காரர்களுக்கே அப்போதுதான் செய்தி போய்க்கொண்டிருந்தது. இவனுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

"ஒரு பைசா நீங்க குடுக்க வாணாம்மா. எங்க வக்கீலு எல்லாம் பாத்துக்குவாரு. கேஸ் முடிஞ்சி பணம் வந்தா மூணுல ஒரு பங்கு எங்களுக்கு. அவ்ளோதான்."

லோடு ஆட்டோ ஓட்டும் என் கணவர், "வக்கீலுக்கு நாம எங்க போறது? போடு" என்றார். அந்த ஆள் நீட்டிய வக்காலத்தில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. ஊன்றுகோலோடு பஸ் மாறி மாறித் திருவள்ளூர் கோர்ட்டுக்கு அலைந்தேன். நாள் முழுக்க நிற்க முடியாமல் கம்பெனி வேலையும் போனது. அந்த வக்கீலை மொத்தமே இரண்டு தடவைதான் பார்த்தேன். கடைசியில், காரின் இன்சூரன்ஸ் கம்பெனி எனக்கு இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பானது. அன்று சாயங்காலமே அந்த ஆள் போன் செய்தான்.

"பணம் ஏறினதும் எங்க பங்க எடுத்துக்கினு வந்துடும்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"குடுத்துடலாம். அவனுங்களோட பேஜாரு வாணாம்" என்றார் கணவர்.

"ஒடஞ்சது இன்னா, உங்க காலா?" என்றேன்.

தீர்ப்பு நகலோடு, கோர்ட் வளாகத்திலேயே இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். எத்தனையோ தடவை அந்தப் பலகையைக் கடந்திருக்கிறேன். நமக்கில்லை என்று நினைத்திருந்தேன். அங்கிருந்த பெண் வக்கீல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"படிச்சிப் பாத்தீங்களா? வழக்குச் செலவு, வக்கீல் ஃபீஸ், அதுவும் இன்சூரன்ஸ் கம்பெனியே தரணும்னு போட்டிருக்கு. வர்ற பணத்துல பங்கு கேக்க எந்த வக்கீலுக்கும் அனுமதி இல்ல. பொம்பளைங்கன்னா நாங்க வருமானம்கூட பாக்க மாட்டோம். மொதல்லயே வந்திருந்தா இலவசமாவே நடத்திக் குடுத்திருப்போம்."

"இத யாருமே சொல்லலியே மேடம்!"

ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க டெங்கு, கொசு, கைகழுவல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியை எழுதவா இடமில்லை?

நேரே வக்கீலின் ஆபீசுக்குப் போனேன். கணவர் கீழே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தீர்ப்புல போட்ட ஃபீஸ் உங்களுது சார். ரசீது குடுத்துட்டு வாங்கிக்குங்க. பங்குன்னு கேட்டா புகார் எழுதுவேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஆளு தெரியாம பேசிட்டான்மா."

தெரியாமலாம்! வார்த்தை தொண்டைவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு பணம் வந்ததும் ஃபீஸைக் கட்டி, ரசீதை வாங்கினேன். அதற்குமேல் ஒரு ரூபாய் போகவில்லை. அன்று படியிறங்கி வண்டியருகே வந்தேன்.

"இன்னா சொன்னாரு?" என்றார் கணவர்.

"ஒண்ணும் சொல்லல. வண்டிய எடுங்க."