ஐம்பது சைஸ் லென்ஸ்

கோணல்மாணலாக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியும். படித்தது ஐந்தாம் வகுப்பு. சொல்ல வந்ததைப் பாதியில் மறந்தும் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் மகள் தேன்மொழி வந்திருந்தாள். பெங்களூரில் போட்டோகிராபர். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் படம் எடுக்கும் வேலை - இரண்டே நாள். அவளை நேரில் பார்த்து ஒன்பது மாதம் ஆகிறது. வாரம் தவறாமல் வீடியோ காலில் வருவாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். அதுவும் நடுநடுவே நின்று போகும்...

இரண்டாம் நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"எண்பத்தஞ்சு வேண்டாங்க. ரிட்டன் எடுத்துக்கங்க. எனக்கு ஐம்பதே போதுமுங்க."

எனக்குத் திக்கென்றது. முப்பது வருடம் பனியன் கம்பெனியில், துணியில் ஓட்டை இருக்கிறதா என்று செக்கிங் பார்த்தவள் நான். எண்பத்தைந்து என்றால் பெரிய ஆள் போடுவது. ஐம்பது என்றால் குழந்தை பனியன். இந்த நம்பர்கள் என் காதுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

"ஏங்கண்ணு, ஐம்பது யாருக்குப் பத்தும்? நாலு வயசுப் புள்ளைக்கே இறுக்கிப் புடிக்குமே?"

அவள் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ அம்மா... அது லென்ஸ் நம்பரு!"

பிறகு இரண்டையும் எடுத்துக் காட்டினாள். எண்பத்தைந்து, கடைக்காரர் பழகிப் பார்க்கக் கொடுத்ததாம். தள்ளி நின்றே முகத்தை அள்ளிக்கொண்டு வருமாம். படமும் அழகாக விழுமாம்.

"பின்னே அதையத்தான வெச்சுக்கோணும்?"

"தள்ளி நின்னா கம்பெனில டெய்லரக்கா மெஷினையே பாத்துட்டு இருக்கறாங்கம்மா. ஐம்பதுல மூஞ்சி பெருசா வரோணும்னா கிட்டக்கப் போயே ஆகோணும். ஜூமும் கெடையாது, நாந்தான் நடக்கோணும். கிட்டப் போயிட்டுச் சும்மா நிக்க முடியுமா? 'சாப்டீங்களாக்கா'ன்னு கேக்கோணுமல்ல? அப்பத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்குது."

கேமராவும் சின்னதுதான். கைக்குள் அடங்குகிறது. பெரியதைக் கொண்டுபோனால் ஆடிட் வந்துவிட்டது என்று எல்லோரும் விறைத்து உட்கார்ந்துகொள்கிறார்களாம்!

"வா, உன்னைய ஒண்ணு எடுக்கறேன்."

எனக்கா? எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் முழங்கை இருக்கிறது. முந்தானை இருக்கிறது. முகம் கிடையாது. கேமராவைக் கண்டால் யார் முதுகுக்குப் பின்னாலாவது போய்விடுவேன். அன்று வீட்டில் வேறு முதுகு இல்லை.

ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஓரடி வந்தாள். பார்த்தாள். இன்னும் ஓரடி... அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. அவள் காதோரத்தில் ஒரு நரை. இது எப்போது வந்தது? வீடியோ காலில் ஒருநாளும் தெரியவில்லையே? சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த தழும்பு, தாடையில் அப்படியே இருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. தொடவில்லை.

கிளிக்.

"அம்மா, கண்ண மூடிட்ட. இன்னொண்ணு."

கிளிக்.

"மறுபடியும் மூடிட்ட!"

ஐந்தாவது தடவை கேமராவை இறக்கி என்னையே பார்த்தாள். "முப்பது வருசமா ஒத்த ஓட்டையத் தப்ப விடாத கண்ணு... ரெண்டு நொடி தொறந்திருக்காதாம்மா?"

"வயசாச்சல்ல கண்ணு. இன்னொருக்கா எடு."

ஆறாவது சரியாக வந்தது. அவளும் சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள்.

லென்ஸ் நம்பர்களை நான் மாற்றிச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். ஐந்து தடவை கண்ணை மூடிய கணக்கை மட்டும் சரிபார்க்க வேண்டாம்.

முதல் தடவைதான் கூச்சத்தில் மூடினேன்.