விளம்பரத்து மாமியார்

எங்கள் வீட்டுக்கு மருமகள் வந்த அன்று அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு, "செருப்ப உள்ள எடுத்து வை, நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்பதுதான். இரண்டாவது பேச்சை எப்போது பேசினேன் என்று நினைவில்லை. கோபம் ஒன்றுமில்லை. எனக்குப் பேச வராது. மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்த காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டால் நான் "இருக்கேன்" என்று சொல்வது கங்காணிக்குக் கேட்காது. பக்கத்தில் நிற்பவள்தான் எனக்கும் சேர்த்துச் சத்தம் போடுவாள். அவள்தான் இன்றைக்கும் லயத்து வரிசை வீட்டில் எனக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் பங்குப் பேச்சையும் அவளே பேசிவிடுவதால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

மகன் ராகலை டவுனில் போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். மருமகள் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன் பழுது பார்க்கப் போன இடத்தில் பழகி, விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் எடுக்கிற பாடத்துக்கு ஊடகம் என்று பெயர். சினிமாவும் விளம்பரமும் அதில் பாடமாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. படம் பார்த்ததற்காக அடி வாங்கிய பள்ளிக்கூடம்தான் எனக்குத் தெரியும்.

படித்த மருமகள் என்றால் எப்படி வருவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எத்தனை படம் பார்த்திருக்கிறேன்! கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் இருந்து இறங்குவாள். சமைக்கிற குசினி எந்தப் பக்கம் என்று கேட்பாள். இடைவேளைக்கு முன் மாமியாரை ஒரு சொல் சொல்லிவிடுவாள், கடைசியில் காலில் விழுந்து அழுவாள். இவள் ஒரு ரெக்சீன் பையும் குடையுமாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். மறுநாளே விறகு பிளந்தாள். அப்போதும் நான் நம்பவில்லை. படத்திலும் முதல் இரண்டு மூன்று காட்சியில் நல்லவளாகத்தானே இருப்பாள்!

அவளும் என்னைப் படத்து மாமியாராக நினைத்து அதே மாதிரி காத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டிவி முன்னால் உட்காருவோம். பக்கத்துக் காம்பராக்காரியின் டிவி ஒரு இடியில் போனதிலிருந்து அவளும் இங்கேதான். அவள் படத்தோடு பேசுவாள். "டேய் கூறுகெட்டவனே, கதவுக்குப் பின்னாடி நிக்கிறான்டா, திரும்பிப் பாருடா!" என்று கத்துவாள். எங்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். தங்கச்சிக்காரி காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு ஓடி வந்தால் அவளுக்கு ஏதோ நடக்கப்போகிறது. அம்மா ஒரு தரம் இருமிவிட்டால் இடைவேளை தாண்ட மாட்டாள். போலீஸ் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். தெரிந்தும் அழுவோம். தெரிந்திருப்பதால்தான் நன்றாக அழ முடிகிறது. முந்தானையை முன்னமே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் படத்தைவிட விளம்பரம் பிடிக்கும். சீக்கிரம் முடியும், யாரும் சாக மாட்டார்கள். ஒரே பெண் ஒரு சேனலில் சிங்களம் பேசுவாள், அடுத்த சேனலில் தமிழ் பேசுவாள். வாய் மட்டும் சிங்களத்துக்குத்தான் பொருந்தும். அந்த வீடுகளில் புகை கிடையாது. துணி துவைத்தால் வெயில் வாசலில் வந்து நிற்கும். எங்கள் பக்கம் மழை மாதங்களில் துணி அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்துதான் காய வேண்டும். மருமகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலையில் புகை வாசம் அடிக்கும். அவள் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. கட்டும் முன் முந்தானையை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அப்போது ஒரு மிளகாய்த்தூள் விளம்பரம் அடிக்கடி வரும். மருமகள் கறி கொண்டுவந்து வைப்பாள். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் முகத்தைச் சுழிப்பாள். ஒரு புருவம் மட்டும் மேலே போகும். பிறகு பாக்கெட் வரும், புதுக் கறி வரும், மாமியார் சிரிப்பாள். அது வந்தாலே எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. மருமகள் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பது போலிருக்கும். கூச்சத்தில் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னான்.

"அம்மா, ராகலையில ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு வீடு வாடகைக்கு இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அவளுக்கு பஸ்ல போய் வாறது கஷ்டமா இருக்கும்மா. நீங்க என்ன சொல்றீங்க?"

"சரி" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் வந்தது. உள்ளே இருந்தது வேறு. போகாதீங்க என்பதுதான் அது. என் புருஷன் செத்துப்போய், மகனும் காலையில் போய் இரவில் வருகிற வீட்டில், டிவியை எனக்காக இல்லாமல் சத்தத்துக்காகப் போட்டு வைத்திருந்த ஆள் நான். இவள் வந்த பிறகு, சேலைக்கு அயர்ன் போட்டுக்கொண்டே நாளைக்கு எடுக்கப்போகிற பாடத்தைச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பாள். எனக்குப் பாதி விளங்காது. ஆனாலும் ரொட்டிக்கு மா பிசைகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அதுவும் ராகலைக்குப் போய்விடும்.

"அம்மா சரின்னுட்டாங்க" என்று அவன் உள்ளே சொல்வது கேட்டது. அவள் பதில் சொன்னது கேட்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் போனை எடுத்து வந்து எனக்கும் பக்கத்துக் காம்பராக்காரிக்கும் முன்னால் உட்கார்ந்தாள். விளம்பரங்களை அதில் பிடித்து வைத்திருந்தாள்.

"நாளைக்குக் கிளாஸ்ல இத வச்சுத்தான் பாடம். பிள்ளைங்க என்ன சொல்லுவாங்கன்னு பாக்கணும். இப்ப நீங்க ரெண்டு பேரும் பிள்ளைங்க."

"அஞ்சாப்பு வாத்தியாரு அடிச்ச அடியே இன்னும் வலிக்குது டீச்சரு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "அடிக்காமக் கேளு."

முதலில் ஒரு தேயிலை விளம்பரம். வெயிலில் ஒரு பெண் கூடையோடு நின்று சிரிக்கிறாள். புதுச் சேலை. பிறகு ஏதோ பெரிய வீட்டில் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

"இதுல யாரு பேசுறாங்க?"

"ஆம்பளக் கொரலு. ஆளக் காணோம்."

"கொழுந்தெடுக்கிற பொண்ணு?"

"அது எங்க பேசுது, சிரிக்குது. அட்ட கடிக்கல போல. கடிச்சிருந்தா இந்தச் சிரிப்பு வருமா? ஏன்க்கா?"

நான் தலையை ஆட்டினேன். அடுத்து அந்த மிளகாய்த்தூள் வந்தது. எழுந்து போகலாம் என்றால் போன் என் மடிக்கு நேரே இருந்தது.

"இந்த மாமியார் நல்லவங்களா, கெட்டவங்களா?"

"கேக்கணுமா? மூஞ்சியப் பாரு!"

"அவங்க ஒண்ணுமே பேசலியே. எப்புடித் தெரியுது?"

"அந்தப் பேசாம இருக்கிறதுதான்."

மருமகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுவரைப் பார்த்துச் சொல்கிற குரலில் ஆரம்பித்தாள். "சரியாச் சொன்னீங்க. குடும்பக் கதையில மாமியாரக் கெட்டவங்கன்னு காட்ட வசனம் தேவையில்ல. சும்மா நிப்பாங்க. கேமரா கண்ணுக்குக் கிட்டப் போகும். மருமக ஏதாவது கேட்டா ஒரு வார்த்தையில பதில் சொல்லிட்டு குசினிக்குள்ள போயிருவாங்க. அத வச்சே நாம..."

நிறுத்திவிட்டாள்.

பக்கத்துக் காம்பராக்காரி தொடையில் அடித்துக்கொண்டாள். "அடி ஆத்தி! அப்ப இந்தக்கா எம்மாம் பெரிய வில்லி! இத்தன வருசம் பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சே!"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். மருமகள் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், போனைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வந்த நாளிலிருந்து இவள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

ரொட்டி சுடும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கூடையோடு நிற்கிறவளும் பேசவில்லை, கறியை வாயில் வைக்கிறவளும் பேசவில்லை. மலையில் பேசாமல் நின்றால் நல்லவள், வீட்டுக்குள் பேசாமல் நின்றால் கெட்டவள். நான் இரண்டு இடத்திலும் ஒரே ஆளாகத்தான் நின்றேன். மலையில் அவ்வளவு வருஷம் நின்றபோது யாரும் என்னைக் கெட்டவள் என்று நினைத்ததில்லை. என்ன யோசிக்கிறாய் என்று கேட்டதும் இல்லை. இவளாவது ஓரக்கண்ணால் பார்த்தாளே என்று அவள் மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது.

வகுப்பில் பாடம் நன்றாகப் போயிருக்கிறது. அதே விளம்பரத்தை மாற்றி எடுத்துக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தாள். சனிக்கிழமை எங்கள் முன் காம்பராவிலேயே படப்பிடிப்பு. மகன் போனைப் பிடித்துக்கொண்டான். மாமியார் வேஷம் பக்கத்துக் காம்பராக்காரிக்கு. தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்துக்குப் பவுடர் அப்பி, கல்யாணச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். லீக்ஸ் கறியை ஒரு வாய் வைத்தாள். புருவம் தானாக ஏறவில்லை என்று விரலால் தூக்கி விட்டுக்கொண்டாள்.

"அடியேய்! உப்ப எங்கடி, ஒங்கப்பன் வீட்டுலயா வச்சிட்டு வந்த?"

மகன் சிரித்ததில் போன் ஆடிவிட்டது.

"சித்தி, நல்ல மாமியாரா நடிக்கணும்" என்றாள் மருமகள்.

"நல்ல மாமியாருன்னா எப்புடி? எந்தப் படத்துல வந்தா சொல்லு, அதப் பாத்துச் செய்றேன்." யோசித்துவிட்டு அவளே சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சு நல்ல மாமியாரு எல்லாம் செவுத்துல மால போட்ட போட்டாவாத்தான் இருக்காங்க."

திரும்பத் திரும்ப எடுத்தும் அவளுக்கு வில்லிதான் வந்தது. மருமகள் சோர்ந்துபோனாள். "விடுங்க, படம் வரைஞ்சு காட்டிக்கிறேன்" என்றாள்.

"நான் இருக்கேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களா அத்த? ஒரு வாய் சாப்பிட்டு 'நல்லா இருக்கு'ன்னு சொன்னாப் போதும்."

உட்கார்ந்தேன். மகன் கையைக் காட்டினான். ஒரு வாய் வைத்தேன். நல்லா இருக்கு என்பதைச் சொல்ல வாயைத் திறந்து அவளைப் பார்த்தேன். எதிரில் கரண்டியோடு உட்கார்ந்து, என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில், அவள் சமைத்த கறிக்கு முன்னால், அப்படி உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ராகலைக்குப் போகாத புள்ள" என்றேன். "எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. பேச வர மாட்டேங்குது. அவ்வளவுதான். இங்கயே இருங்க."

படமாக இருந்தால் அந்த இடத்தில் பாட்டு வந்திருக்கும். மகன் போனை இறக்காமல் அப்படியே நின்றான்.

"வசனம் அது இல்லக்கா" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மருமகள் காலில் விழவும் இல்லை, அழவும் இல்லை. கரண்டியால் தட்டைக் காட்டிக் கேட்டாள்.

"அப்ப கறி எப்புடி இருக்கு அத்த?"

"உப்புக் கூடிப்போச்சு" என்றேன்.

அப்போது சிரித்தாள் பாருங்கள், கரண்டி கீழே விழுகிற மாதிரி. வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னாள். "நீங்க 'சரி'ன்னு சொன்ன ஒடனே, எப்படா போவாங்கன்னு இருக்கீங்கன்னு நெனச்சேன் அத்த. எனக்கு பஸ் கஷ்டமே இல்ல. உங்க மூஞ்சிக்குப் பயந்துதான் இவரு வீடு பாக்கிறேன்னப்ப நானும் சும்மா இருந்தேன்."

"நீதான் போகணும்னு நிக்கிறியோன்னு நான்..."

"ரெண்டு பேரும் வாயத் தொறக்காம என்னை எதுக்கு வீடு தேட விட்டீங்க?" என்று மகன் கோபப்பட்டான். அப்படியே வாசலுக்குப் போய் ராகலை வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் வீடு வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

போனில் பிடித்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டட்டுமா என்று மருமகள் என்னிடம் கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. நான் சரி என்றதும், "இது எந்தச் சரி அத்த?" என்றாள். உண்மைச் சரி என்றேன்.

பார்த்துவிட்டு ஒரு பிள்ளை கேட்டதாம், "டீச்சர், இது என்ன சாமானுக்கு விளம்பரம்?" இன்னொரு பிள்ளை, "இது விளம்பரம் இல்ல, படம். படம்னா இனிமேத்தான் சண்ட வரும்" என்றதாம்.

அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். அடுத்த வாரமே, அவளுடைய ஈரச் சேலையை நான் அடுப்புக்கு மேலே போட்டதற்காக எங்களுக்குள் சண்டை வந்தது. நான் இரண்டு வார்த்தை பேசினேன். அவள் நாலு பேசினாள். நான் விடாமல் இன்னொன்று பேசினேன். சத்தம் சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரி வந்து கதவில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"நடுவுல விளம்பரம் போடுவீங்களா?" என்று கேட்டாள். "நான் போய் சோத்த எறக்கி வச்சிட்டு ஓடி வந்துர்றேன்."