ஒரு சொட்டு கூடினால் என்ன?

அவர் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் மாத்திரை கிடைக்காது. "தண்ணி குடிச்சிட்டுப் படு, சரியாப் போயிடும்" என்பதோடு வைத்தியம் முடிந்தது. ஆனால் கூடத்தில் மீனும் பவளமும் வளரும் உப்புநீர்த் தொட்டி லேசாக முகம் வாடினால் போதும், அலமாரி திறக்கும், பாட்டில்கள் வரிசையாக இறங்கும். அயோடின், இரும்பு, மாங்கனீசு, ஸ்ட்ரான்ஷியம், போதாததற்கு எல்லாம் கலந்த ஒன்று. கடல் தண்ணீரில் இதெல்லாம் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்குமாம். அவ்வளவு கொஞ்சமாக வேண்டியதற்கு இவ்வளவு பெரிய அலமாரி.

சொட்டு விடும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. எண்ணிக்கை தப்பிவிடும். ஒருநாள் குக்கர் விசில் அடித்தது. விசிலையும் சொட்டோடு சேர்த்து எண்ணிவிட்டாராம். அதற்கும் திட்டு வாங்கியவள் மனைவிதான், குக்கர் இல்லை.

தொட்டியில் இருந்த பவளங்களில் ஒன்றுக்கு மட்டும் ராஜ மரியாதை. கல் போன்ற கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியிலும் பச்சை விரல்கள் கொத்தாக அசையும். அது அவருடையதே இல்லை, மனைவியின் அண்ணன் கொடுத்து வைத்தது. பவளம் வளர்க்கிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். நல்லதாக ஒன்று அமைந்தால் ஒரு கிளையை உடைத்து இன்னொருவர் தொட்டியில் வைப்பார்கள். நகையை இரண்டு பீரோவில் பிரித்து வைப்பதுபோலத்தான். ஒரு தொட்டி கவிழ்ந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கவிழ்ந்தது மச்சானின் தொட்டி. ஹீட்டர் கெட்டுப்போய், உள்ளே இருந்த அத்தனையும் வெந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, மாதக்கணக்கில் பொறுத்திருந்துவிட்டுப் போன் செய்தார்.

"மாப்ள, தொட்டி பழையபடி ஓடுது. உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

"தாராளமா வாங்க மச்சான். புதர் மாதிரி வளர்ந்து கிடக்கு."

போனை வைத்துவிட்டுப் புதரைப் போய்ப் பார்த்தார். வளர்ந்தது உண்மைதான், ஐந்து கிளை ஆகியிருந்தது. ஆனால் ஒரு கிளை செத்து வெறும் எலும்பு. மற்ற நான்கிலும் விரல்கள் உள்ளே சுருங்கி, பழைய சோப்புத் துண்டு மாதிரி நிறம் கெட்டிருந்தன.

"ஏங்க, போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"சத்து போதலை."

"இத்தனை பாட்டில் ஊத்தியுமா?"

"ஒரு சொட்டு கூடினா என்ன ஆயிடும்? உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். எங்க அண்ணனுக்குப் புரியற மாதிரி சொல்லிக்கோங்க."

அன்று எல்லாப் பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தது. அடுத்த நாளும். இரண்டாவது கிளையும் எலும்பானது.

மறுநாள் கடைக்கு ஓர் அம்மா வந்தார். காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை, சளி மாத்திரை ஒரு அட்டை கேட்டார். நம்மவருக்கு மேடை கிடைத்துவிட்டது.

"ரெண்டையும் சேர்த்தா போடுவீங்க? அட்டைக்குப் பின்னாடி படிக்கிற பழக்கமே கிடையாதா? பேருதான்மா வேற வேற, ரெண்டுக்குள்ளயும் இருக்கிறது ஒரே மருந்து! அளவு டபுளாப் போனா ஈரல் என்னத்துக்கு..."

அதோடு வாய் நின்றுவிட்டது. அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஈரலுக்கு என்ன தம்பி ஆகும்?" என்று கேட்டார். அதற்குள் மனிதர் முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்து, பாட்டில்களைத் தரையில் பரப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். கலந்த பாட்டிலில் அயோடின். அயோடின் பாட்டிலில் கேட்கவே வேண்டாம். ஸ்ட்ரான்ஷியத்தோடு ஓசியாகக் கொஞ்சம் அயோடின். பவளத்துக்குப் போடும் தீனியில் அயோடின். தண்ணீரில் கரைக்கும் உப்பு மூட்டையிலும், வேண்டிய அளவுக்கு, அயோடின்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களே," என்றாள் மனைவி. வாளியை எடுத்து வந்து வைத்தாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் தண்ணீரை வெளியே எடுப்பதும், புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரை ஊற்றுவதும், மிச்ச அயோடினை இழுக்க வடிகட்டியில் கரிப்பையைப் போடுவதும்தான் வேலை. சொட்டு ஒன்றுகூடக் கிடையாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, மச்சானும் வந்தார். தொட்டி முன்னால் குனிந்தார்.

"புதர் எங்க மாப்ள?"

மூன்று கிளைகளில் விரல்கள் பாதி நீண்டிருந்தன. இரண்டு, வெள்ளை எலும்பு. விளக்கின் மேல் பழி போடலாமா, மீனின் மேல் போடலாமா என்று மாப்பிள்ளை ஒரு கணம் யோசித்தார். காபி டம்ளரோடு மனைவி எதிரில் நின்றிருந்தாள்.

"நான்தான் மச்சான். மூணு பாட்டில்லயும் ஒரே சரக்கு இருக்குன்னு பார்க்காம ஊத்திட்டேன்."

மச்சான் கையை விட்டு அந்தக் கல்லை வெளியே எடுத்து, கட்டரால் கிளைகளைப் பிரித்தார். உயிருள்ள இரண்டைத் தண்ணீர்ப் பையில் போட்டுக் கட்டினார். மூன்றாவதன் அடியில் பசை வைத்து, திரும்ப அதே தொட்டிக்குள் ஒட்டினார்.

"அண்ணா, இவர்கிட்டயா?" மனைவிக்கே தாங்கவில்லை.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுத்தானேம்மா நான் வேகவச்சேன்? என்னாலயும் கெடும், இவராலயும் கெடும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல கெடுக்க மாட்டோம்ல?"

மாப்பிள்ளை கேட்க வேண்டாத ஒன்றைக் கேட்டார்.

"உங்க தொட்டில வாரத்துக்கு எத்தனை சொட்டு விடறீங்க மச்சான்?"

"சொட்டா? வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்துவேன். என்கிட்ட பாட்டிலே கிடையாதே."