அம்மை என்று அடைத்த கதவும் ரோசலின் அம்மாவும்

ரோசலின் அம்மாவின் சாவுச் செய்தியைக் கம்பளை பஸ் கொண்டக்டர்தான் கடைத்தெருவில் சொன்னார். “மாஸ்டர், நம்ம நர்ஸம்மா மோசம் போயிட்டாங்களாம்.” சாமான் பையோடு கடை வாசல் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வாயும் தெரியும். பொறுமையின் வடிவம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

புசல்லாவைத் தோட்டத்தில் அவர் நர்ஸ், நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு மழைக்காலத்தில், கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் புண் பரவியது. மூக்கைச் சுற்றிச் சிறு கொப்புளம். உடைந்தால் தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அதை அம்மை என்றார்கள். வாசலில் வேப்பிலை ஏறியது. தண்ணீரும் கூடாது, மருந்தும் கூடாது. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைத்துவிடுவார் என்ற பயம் வேறு. ஆனால் காம்பராவில் ஆயா எல்லார் முகத்தையும் ஒரே துண்டால் துடைப்பதை ரோசலின் அம்மா பார்த்துவிட்டார். துண்டு அடுப்புக்குள் போனது. “நோயைப் பந்தி வச்சுப் பரிமாறுறியா ஆயா?”

முத்தம்மாவின் சின்ன மகன் குமரனுக்குத்தான் முற்றிவிட்டது. காய்ச்சல், ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. முத்தம்மா வாசலை மறித்து நின்றாள்.

“ஆத்தா எறங்கியிருக்காம்மா. தண்ணி பட்டாக் கண்ணப் பறிச்சிருவா. ஒங்க புள்ளைன்னா கழுவுவீங்களா?”

ரோசலின் அம்மா திரும்பிப் போனார். தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன். மகள் திரேசாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் வாயோரத்திலும் அதே பொருக்கு. “காம்பராவுல இருந்து எஞ் சேலைதான் கொண்டுபோய்க் குடுத்திருக்கு” என்றவர் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, கொதித்து ஆறிய நீரில் துணியை நனைத்துப் பொருக்கை ஊறவைத்து எடுத்தார். பிள்ளை வீறிட்டது. “பாவம்னு விட்டா, பொருக்குக்கு அடியில அது குடித்தனம் நடத்தும்” என்று சொல்லி ஊதா மருந்தைப் பூசினார். முத்தம்மா வழிவிட்டாள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் புண் ஆறத் தொடங்கியது. அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிட்ட வேளையில், ஒரு காலை திரேசாவின் முகம் உப்பியிருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனது. கண்டி ஆஸ்பத்திரியில், புண்ணின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

லயத்துக்கு அது போதாதா? “பாத்தியா, ஆத்தா கேட்டுட்டா!” கதவுகள் மறுபடி அடைபட்டன. முத்தம்மாவின் கதவும்தான். குமரனின் கழுத்தில் புதுப் புண் கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வந்த கோபத்தில் கதவை உடைத்திருப்பேன். உள்ளுக்குள் பயமும் இருந்தது.

மறுநாள் காலை, பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு ரோசலின் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். அழுது சிவந்த கண்கள். இன்றைக்காவது பிள்ளையோடு இருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

“அங்க டாக்டர் இருக்காரு. இங்க யாரு இருக்கா? வழிய விடுங்க மாஸ்டர்.”

மருந்தும் தண்ணீர்ப் பேசினுமாக மழையில் நின்று முத்தம்மாவின் கதவைத் தட்டினார். உள்ளே குமரன் முனகுவது கேட்டது; கதவு திறக்கவில்லை. மீண்டும் தட்டினார்.

“முத்தம்மா, எம் புள்ள பொழைக்குமான்னு எனக்குத் தெரியாது. ஒம் புள்ளையப் பொழைக்க வைக்கலாம். அது எனக்குத் தெரியும். கதவத் தெற.”

தாழ்ப்பாள் விலகியது. முத்தம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த பேசினை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க ஒங்க புள்ளகிட்டப் போங்கம்மா. நான் கழுவுறேன்.”

ரோசலின் அம்மா பஸ் நிற்கும் சந்தியை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

திரேசா தேறி வந்தாள். குமரனின் கண்ணும் தப்பியது. ஆனால் அந்தக் கதவின் முன் நின்றபோது இது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும், சொந்தப் பிள்ளை சாகக்கிடந்த நேரத்திலும் பொய் கலக்காமல் சொன்ன அந்தக் குரலைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.