காற்று தானாகவா கெட்டது?

ஆக்லாந்து நகரின் எல்லர்ஸ்லி பகுதியில், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆனாலும் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பத்திரிகைக்காரன் என்று சொல்லத்தான் வாய் வரும். சென்னையில் ஒரு நாளிதழில், ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கித் திருத்துவதிலேயே என் இளமை போனது. இங்கே வந்தபிறகு அந்தப் பெருமைக்கு மிஞ்சியிருந்தது ஓர் இடம்தான். சமூக வானொலியின் தமிழ் நிகழ்ச்சியில், சனிக்கிழமை காலைகளில் நான் எழுதி வாசிக்கும் செய்தி. சம்பளம் கிடையாது. கோயிலில் பார்க்கிறவர்கள், "சார், உங்க நியூஸ் கேட்டோம், என்ன தமிழ்!" என்பார்கள். அதற்காகவே காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போவேன், வானொலியில் சட்டை யாருக்கும் தெரியாது என்றாலும்.

பிறகு நிகழ்ச்சிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தார். நகர மையத்தில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். தமிழை வீட்டில் பேசித்தான் கற்றிருந்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எனக்குப் பாதிச் சுமை குறையட்டும் என்று நிலையத்தில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். நான் எழுதுவது, அவர் வாசிப்பது. முதல் வாரமே, "அந்தப் பொண்ணு குரல் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. என் குரலைப் பற்றி அவள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வசந்தத்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், பழைய இரும்பும் கார்களும் குவித்து வைத்திருந்த ஒரு யார்டு தீப்பிடித்தது. எங்கள் பிளாட் புஷ் பகுதி முழுவதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். மறுநாள் சனிக்கிழமை. அதிகாரிகளின் அறிவிப்பை வழக்கம்போல் அழகாகத் தமிழாக்கினேன். "காற்றின் தரம் தற்காலிகமாகக் குறைந்துள்ளது. பொதுமக்கள் சாளரங்களை மூடி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அதற்கு அடுத்த செய்தி டெல்லி. "விவசாயிகள் வயல்களை எரித்ததால் தலைநகரம் நச்சுப் புகையில் மூச்சுத் திணறுகிறது."

அவர் இரண்டையும் மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை, ஒரு சந்தேகம். டெல்லியில விவசாயிகள் எரிச்சவை எண்டு எழுதியிருக்கிறியள். இஞ்ச மட்டும் காத்து தானாவோ கெட்டுப் போச்சு?"

"அறிவிப்புல அப்படித்தான் இருக்கு. நாமளா எதையும் சேர்க்கக் கூடாது" என்றேன்.

"ஓம், சேர்க்க வேண்டாம். ஆனா அங்க நஞ்சு, இஞ்ச தரக் குறைவு. ரெண்டும் புகைதானே அண்ணை?"

எனக்குச் சுரீர் என்றது. கெட்டது, கெடுத்தார்கள் என்ற வித்தியாசம் பள்ளிக்கூட இலக்கணம். இத்தனை வருடம் அதே வேலையைச் செய்த என் கண்ணில் அது படவில்லை. ஏழை நாட்டுப் புகைக்கு ஆள் உண்டு, குற்றம் உண்டு. பணக்கார நாட்டுப் புகை வானிலை மாதிரி வந்து போகும். ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் அப்படி எழுதின, நானும் அப்படியே பெயர்த்தேன். அதை எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒரு பெண் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். அவர் சொன்னது சரி என்பதைவிட, அதை நான் சொல்லவில்லையே என்பதுதான் எரிந்தது.

"உங்க இஷ்டம்" என்று தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

ஒலிபரப்பு தொடங்கியதும் அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் பேச்சிலேயே சொன்னார். "நேற்று ஒரு யார்டில குவிச்சு வச்சிருந்த பழைய கார்கள் எரிஞ்சு, அந்தப் புகை எங்கட வீடுகளுக்குள்ள வந்தது. ஏன் எரிஞ்சது எண்டு இன்னும் தெரியாது. விசாரிக்கினம்." அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிவதற்குள் தொலைபேசி விடாமல் அடித்தது. இன்றைக்குத்தான் செய்தி விளங்கியது என்றார்கள். வீட்டுக்குப் போனால் மனைவியும் அதையே சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை, நானே வாசிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். யார்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவரைவிட ஒரு படி மேலே போகவேண்டும் என்ற வெறியில் வாரம் முழுக்க எழுதியிருந்தேன். "இலாப வெறியர்கள் கக்கும் நஞ்சு நம் மழலைகளின் நுரையீரலைத் தின்கிறது" என்று குரலை உயர்த்தினேன். வாசித்து முடித்ததும் ஓர் அழைப்பு வந்தது, நேரலையில்.

"சார், நான் பிளாட் புஷ்ல இருந்து பேசறேன். என் பையனுக்கு வீசிங் இருக்கு. நீங்க சொன்னதைக் கேட்டா பயமா இருக்கு. இன்னிக்கு அவனை கிரிக்கெட்டுக்கு அனுப்பலாமா, வேணாமா?"

எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை. என் சொற்களில் நெருப்பு இருந்தது, தகவல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, நான் காலமை கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் கதைச்சனான். மத்தியானம் காத்து உங்கட பக்கம் திரும்புமாம். இழுப்பு இருக்கிற பிள்ளையை இண்டைக்கு வீட்டிலயே வச்சிருங்கோ."

"தேங்க்ஸ்மா" என்றது அந்தக் குரல். சார் என்று என்னைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பித்திருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவர் என்னிடம் வந்தார். "கோவமோ அண்ணை?"

"இல்லை" என்றேன். பிறகு, "பொறாமை" என்றேன். அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "பொறாமைப்படுங்கோ. ஆனா எழுதுறதை விட்டிடாதேங்கோ. எனக்கு எழுத வராது."

எழுதுவதை விடவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு வரியிலும், இதைச் செய்தது யார், தெரியுமா தெரியாதா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போன மாதம் நகர மையத்தின் டீசல் பேருந்துப் புகை பற்றி எழுதிக் கொடுத்தேன். முதல் தடவையாக ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தார். அன்றைக்கு நிறைய அழைப்புகள். எல்லோரும் அவரைத்தான் பாராட்டினார்கள். நான் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டே அந்த அழைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.