பூசைக்கு வைத்த பந்துகள்

மலேசியாவின் திகாம் பத்து ஊர்க் கிரிக்கெட் கிளப்பில் காளிதாசனுக்கு இருந்த ஒரே பதவி, சாமான் அலமாரியின் சாவி. இருபது வருடத்தில் பத்து ஓட்டத்தைத் தாண்டாத மனிதரை வைத்துக்கொள்ள வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சுங்கைப்பட்டாணி கையுறைத் தொழிற்சாலையில் அவருக்கு ஒரு எண்தான். வீட்டில் மனைவி தேவகிக்கு அவர் "இங்க பாருங்க." திடலில் மட்டும்தான் பதினைந்து பேர் "காளி அண்ணே எங்கே?" என்று தேடுவார்கள். சாவிக்காகத்தான் என்றாலும் தேடல் தேடல்தானே.

பயிற்சிக்குப் பந்து வாங்குவதும் அவர்தான். ஒன்றின் விலை எட்டு வெள்ளி. மேலே செயற்கைத் தோல். உள்ளே என்ன என்பது விற்றவருக்கே தெரியாது. முதல் நாள் தவளையாகக் குதிக்கும். மூன்றாம் வாரம் சாணி உருண்டைபோல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். நடுவில் சில நாள் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஐம்பது வெள்ளிப் பந்து பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய்த் தொலைந்தால் வயிறு எரியும். இது தொலைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வருடம் காப்புறுதி முகவர் சிவநேசன் கிளப் செயலாளரானார். ஆன மாதமே துணிக்கடை முதலாளி நடராஜாவைப் பிடித்து, பன்னிரண்டு அசல் தோல் பந்துகளை அன்பளிப்பாக வாங்கி வந்துவிட்டார்.

"இனிமே இந்த எட்டு வெள்ளி முரா பந்தெல்லாம் வேணாம்லா, காளி அண்ணே. சனிக்கிழம புதுப் பந்துல ஆடிப் பாப்போம். பசங்களுக்குப் புடிச்சிருந்தா சாவிய நானே வெச்சிக்கிறேன். ஒங்களுக்கும் வயசாவுதில்ல."

ஐம்பத்து மூன்று வயதுக் காளிதாசன் தலையாட்டினார்.

சனிக்கு முந்தின நாள் ஆயுத பூசை. மட்டை, கால்காப்பு, ஸ்டம்பு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது கிளப்பின் வழக்கம். பந்துக்கு மட்டும் காளிதாசன் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, ஒரு பொட்டு, அவ்வளவுதான். சிவநேசனின் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். கழுவாத டிராக்டரை எவனாவது சாமி முன்னால் நிறுத்துவானா என்று கேட்டு, சிவநேசன் புதுப் பந்துகளை மஞ்சள் தண்ணீரில் போடச் சொன்னார். எட்டு வெள்ளிப் பந்துகளைச் சாமி கண்ணில் காட்டவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

காளிதாசன் வாயைத் திறந்தார்.

"நீங்க போய்த் தேங்கா உரிங்கண்ணே," என்றார் சிவநேசன்.

போய் உரித்தார். நிதானமாக, நார் ஒன்றுகூட மிச்சமில்லாமல். பன்னிரண்டு பந்துகளும் அண்டாவில் ஒரு மணி நேரம் ஊறியதும், பிறகு தகரத்தின் மேல் வெயிலில் காய்ந்ததும் அவர் கண்ணெதிரேதான் நடந்தன.

வீட்டில் தேவகி கேட்டாள்: "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"வாயத் தொறந்தேன். தேங்கா உரிக்கச் சொன்னான்."

"தொறந்த வாய எதுக்கு மூடுனீங்க?"

காளிதாசன் சுண்டலில் கவனமாக இருந்தார்.

சனிக்கிழமை பந்துகள் மஞ்சள் தையலும் சுருங்கிய தோலுமாக மங்களகரமாக இருந்தன. முதல் அடியிலேயே ஒன்று வாய் பிளந்தது. இரண்டாவது, கோணலாக உருண்டு தன் இஷ்டத்துக்குப் போனது. "இது பந்தா, ஊறப்போட்ட கொண்டக்கடலயா?" என்று மட்டையோடு நின்ற வசந்தன் கேட்டான். ஆறாவது பந்தும் போனபின் அணித் தலைவர் லோகேஸ்வரன், சிவநேசனைப் பார்க்காமல், "காளி அண்ணே, அந்தத் தவளைங்கள எடுங்க," என்றார்.

அலமாரி திறந்தது. சாவியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

தீபாவளிக்கு நடராஜா தம் வீட்டில் கிளப்பாருக்கு விருந்து வைத்தார். பந்துகள் ஊறிக் கெட்டதும் அலமாரி யார் பொறுப்பு என்பதும் மட்டும் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தன. எல்லார் எதிரிலும் காளிதாசனின் தோளில் கை போட்டார்.

"தோல் பந்தத் தண்ணியில போடக் கூடாது தம்பி. இது தெரியாமயா இத்தன வருசமா சாமானப் பாத்துக்கிறீங்க?"

பக்கத்தில் சிவநேசன் ஒரு முறுக்கை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தேவகி கணவரின் வாயையே பார்த்தாள்.

காளிதாசன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

"தெரியாதுங்க முதலாளி," என்றார்.